ஆடுகளத்தின் ஓரத்தில் ஆடுவோர்

விளையாட்டையே ஜீவனோபாயமாகக் கொண்ட வீரர்களின் அணிகள், ஆட்டம் பார்க்க வரும் ஜனத்திரளை உற்சாகப்படுத்துவதற்கென்று தனியாக ஒரு நடனக் குழுவை வைத்துக்கொள்வது அவசியந்தானா என்ற கேள்வி, அமெரிக்காவில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகவும், நம் நாட்டில் 2008-ஆம் ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கிய நாள் முதலாகவும், அவ்வப்போது தலைதூக்கியும் அடங்கியும் வந்திருக்கிறது. ஒழுக்கத்தை முன்னிட்டு வேண்டாம் என்பவர் ஒரு சாரார். பெண்களின் கௌரவத்தை முன்னிட்டு வேண்டாம் என்பவர் மற்றொரு சாரார். வேடிக்கை பார்க்க வருகிற இடத்தில் வேடிக்கை காட்டுபவரை விலக்குவானேன் என்று கேட்பவரும் உண்டு. இவர்கள் யாவரும் வெகு ஆவேசமாக வாதிட்டாலும், அந்தச் சியர்லீடர்கள் அங்கே செய்யவேண்டிய தொழில் என்ன, அதற்கு அவர்கள் பெறும் கூலி என்ன என்று விசாரிப்பவரைக் காண்பது அபூர்வம். அந்த விசாரணையைத் தவிர்த்துவிட்டு இக்கேள்விக்கு நியாயமான விடை காண இயலாது என்பது என் அபிப்பிராயம்.

இவ்வழக்கத்தின் பூர்வ சரித்திரத்தைப் புரட்டினால், அதில் பெண்களும் இல்லை, நடனமும் இல்லை, ஊதியமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் கால்பந்து அணிக்காகச் சேர்ந்து முழங்கி வந்த கோஷங்களை, அங்கே பயின்ற தாமஸ் பீபிள்ஸ் என்பவர் மினசோட்டாப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பின்னர் 1898-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி, தொடர்ந்த தோல்விகளால் அப்பல்கலைக்கழக அணி சோர்ந்து கிடந்த சமயத்தில், ஜானி காம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்துக்கு முன்னே வந்து நின்று, தாம் ஒரு கோஷத்தை எடுத்துக்கொடுத்துக் கூட்டம் முழுவதையும் ஒரே குரலாக முழங்கச் செய்தார். பஜனை கோஷ்டியில் ஒருவர் அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவது எப்படியோ அப்படித்தான் இதுவும்: முன்னே நிற்பவருக்குப் பெருமை, பின்னே வருகிற குரல்களால் உண்டாவது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இப்பணிக்குரிய ஐவரை இன்றும் மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதிலிருந்து, இது ஆதியில் கூட்டத்தின் பிரதிநிதித்துவமாகவே கருதப்பட்டது என்பதை ஊகிக்கலாம். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஐசன்ஹோவர், ரேகன், இளைய புஷ் ஆகிய ஜனாதிபதிகள் நால்வரும் மாணவப் பருவத்தில் சியர்லீடர்களாக இருந்தவர்கள். திரண்டிருக்கும் ஜனங்களின் தொண்டையைத் தன் வசப்படுத்தும் வித்தை பிற்காலத்தில் அவர்களுக்குத் தேர்தல் மேடையிலும் உதவியிருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் குற்றமில்லை.

மினசோட்டாவில் பெண்கள் இதில் இடம் பெற்றது 1923-இல்தான். இரண்டாம் உலக யுத்தம் இளைஞர்களைப் போர்முனைக்கு அழைத்துக்கொண்டபோது அவர்கள் விட்டுச்சென்ற இடத்தைப் பெண்கள் நிரப்பினார்கள். யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்த பிறகும் அந்த இடம் பெரும்பாலும் பெண்களுடையதாகவே நிலைத்துவிட்டது. 1948-இல் லாரன்ஸ் ஹெர்க்கிமர் இக்கலைக்கென்று தேசிய சங்கமும் பயிற்சி முகாம்களும் ஏற்படுத்தினார். கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் அந்த வழியில் வளர்ந்த கிளை, கரணமும் மனிதக் கோபுரமுமாகத் தானே ஒரு போட்டி விளையாட்டாக மாறி, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் அங்கீகாரத்தையும் 2021-இல் பெற்றுவிட்டது. அது வேறு கதை. இங்கே நாம் எடுத்துக்கொண்டது பணத்துக்காக விளையாடும் அணிகளின் விஷயம்.

அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீகில் 1954-ஆம் ஆண்டிலேயே பால்ட்டிமோர் கோல்ட்ஸ் அணி சியர்லீடர்களை வைத்துக்கொண்டது என்றாலும், இன்று நாம் மனத்தில் காணும் உருவத்தை அவர்களுக்கு அளித்தது டல்லஸ் கௌபாய்ஸ் அணியேயாகும். 1960-இல் தோன்றிய அந்த அணி முதலில் உயர்நிலைப்பள்ளிப் பையன்களையும் பெண்களையும் கொண்டே கோஷம் எழுப்பிப் பார்த்தது. தொழில்முறை ஆட்டம் பார்க்க வந்த வயது வந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளின் சொற்படி கத்துவதாக இல்லை. அணியின் நிர்வாகியான டெக்ஸ் ஷ்ராம், அதற்கு முன் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் பணிபுரிந்தவர்; திரைக்கு எது எடுபடும் என்பதை நன்கு அறிந்தவர். அவருடைய யோசனைப்படி, 1972-ஆம் ஆண்டில், டெக்சி வாட்டர்மன் என்ற நடன ஆசிரியையின் பயிற்சியில், கோஷத்தை அடியோடு கைவிட்டு நடனத்தை மட்டுமே மேற்கொண்ட இளம் பெண்களின் குழுவொன்று, நீலச் சட்டையும் நட்சத்திரம் பதித்த வெள்ளை மேலங்கியுமாகக் களத்தோரத்தில் வந்து நின்றது. 1976 ஜனவரியில் நடந்த பத்தாவது சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில், அவர்களுள் ஒருவர் காமிராவைப் பார்த்துக் கண்சிமிட்டிய ஒரு க்ஷணம் தேசம் முழுவதும் தெரிந்தது. மற்ற அணிகளும் போட்டி போட்டுக்கொண்டு இத்தகைய குழுக்களை அமைக்க முற்பட்டன. 1979-இல் அவர்களைப் பற்றித் தொலைக்காட்சிப் படம் வெளிவந்தது. அதே ஆண்டில், அவர்களுடைய உடையைப் போன்ற உடையை ஓர் ஆபாசப் படத்தில் பயன்படுத்தியவர்களுக்கு நியூயார்க்கில் உள்ள மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை விதித்து, அந்த உடை அணியின் வியாபார அடையாளமே என்று தீர்ப்பளித்தது. உடையின் மதிப்பு இவ்வாறு சட்டபூர்வமாக ஸ்தாபிதமான அந்தக் காலத்தில், அதை அணிந்து ஆடியவர்களுக்கு ஓர் ஆட்டத்துக்குக் கிடைத்த கூலி 15 டாலர்.

இந்த மாறுதலில் கவனிக்கவேண்டிய அம்சம் ஒன்றுண்டு. கூட்டத்தை நோக்கி நின்றவர் இப்போது காமிராவை நோக்கி நின்றார். அவரோடு சேர்ந்து குரல் கொடுத்த கூட்டம் அவரையே வேடிக்கை பார்க்கும் கூட்டமாகிவிட்டது. எழுபதாயிரம் பேர் அமரும் அரங்கில் எப்போது கத்தவேண்டும், எப்போது எழுந்து நிற்கவேண்டும் என்பதை இன்று ராட்சதத் திரைகளும் ஒலிபெருக்கிகளுமே ஆணையிடுகின்றன. ஆகவே, சியர்லீடர்கள் இல்லாவிட்டால் ரசிகர்களின் உற்சாகம் குன்றிவிடும் என்ற வாதம், இன்றைய அமெரிக்கக் கால்பந்தைப் பொறுத்தவரையில், அனுபவத்துக்கு ஒத்துவருவதாக இல்லை. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி 1961-இல் தொடங்கிய குழுவை அந்தப் பத்தாண்டு முடியுமுன்பே கலைத்துவிட்டது. அந்த அணி ஆறு சூப்பர் பௌல் கோப்பைகளை வென்றதெல்லாம் அதன் பின்னர்தான். நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி இத்தகைய குழுவை வைத்துக்கொண்டதே கிடையாது. கிரீன் பே பேக்கர்ஸ் அணி 1988 முதல் தனக்கென்று ஒரு குழுவும் இல்லாமல் உள்ளூர்க் கல்லூரி மாணவர்களை அழைத்துக்கொள்கிறது. பருவச்சீட்டு வேண்டிக் காத்திருப்போரின் பட்டியலோ லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. சிகாகோ பேர்ஸ் அணி 1986 ஜனவரியில் கோப்பையை வென்ற கையோடு தன் நடனக் குழுவை அனுப்பிவிட்டது; அதன் பின்னர் அந்தக் கோப்பை அதன் கைக்கு எட்டவில்லை. அது அந்தப் பெண்களின் சாபமே என்று நம்பும் ரசிகர்கள் சிகாகோவில் இருக்கிறார்கள். சாபத்தை நம்புவதற்கு நம் நாட்டவரே போதும் என்று நினைத்திருந்தவர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம்.

உற்சாகத்துக்கு இன்றியமையாதவர்கள் அல்லர் என்பதனாலேயே அவர்களை விலக்கிவிட வேண்டும் என்று ஆகிவிடாது. இடைவேளை வாத்தியமும் வாணவேடிக்கையும் இன்றியமையாதவையா என்ன? ஐந்தாறு வயது முதல் பாலேயும் ஜாஸ் நடனமும் பயின்ற பெண்கள், வேறிடத்தில் செவிலியராகவோ ஆசிரியையாகவோ வேலை பார்த்துக்கொண்டே, தாங்கள் கற்ற கலையைப் பெரிய சபையில் காட்டக்கூடிய சந்தர்ப்பம் இது ஒன்றுதான் என்று நூற்றுக்கணக்கில் தேர்வுக்கு வருகிறார்கள். டல்லஸ் குழுவினர் 1979 முதல் கடல் கடந்து சென்று படைவீரர் முகாம்களில் ஆடியிருக்கிறார்கள். மருத்துவமனைகளுக்கும் தர்ம காரியங்களுக்கும் போய்வருவது எல்லாக் குழுக்களுக்குமே வழக்கம். அவர்கள் தங்கள் நன்மை தீமை அறியாத பேதைகள் என்றும், பிறர் வந்து மீட்டாலொழிய மீளமாட்டார்கள் என்றும் பேசுவது, பெண்களின் கௌரவத்தைக் காக்கப் புறப்பட்ட வாதம் அந்தக் கௌரவத்தையே மிதித்துக்கொண்டு போவதாகும்.

ஒழுக்கவாதிகளின் ஆட்சேபத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டிய அவசியமில்லை. 2008-இல் பெங்களூர் அணியினர் வாஷிங்டன் கால்பந்து அணியின் சியர்லீடர்களையே வரவழைத்து ஆடவிட்டபோது, மகாராஷ்டிரத்தில் அரசியல்வாதிகள் ஆபாசம் என்று கூக்குரலிட்டார்கள். உடையைப் பற்றிப் போலீஸாரின் எச்சரிக்கை வந்தது. சினிமாவில் அதைவிடக் குறைந்த உடையை மூன்று மணி நேரம் அமைதியாகப் பார்க்கும் தேசத்தில், பத்து விநாடி நடனத்தால் கலாசாரம் கெட்டுவிடும் என்பதை நம்புவது கடினம். ஆனால் அதே ஆண்டில், மொஹாலியில் ஆட வந்த கறுப்பினத்துப் பிரிட்டிஷ் பெண்கள் இருவர், தங்கள் நிறத்தின் காரணமாகவே தங்களைக் களத்துக்கு அனுப்பவில்லை என்று பத்திரிகைகளிடம் குற்றம் சாட்டினார்களே, அந்தச் செய்திக்கு உடையைப் பற்றிய செய்திக்குக் கிடைத்த ஆவேசத்தில் நாலில் ஒரு பங்கும் கிடைக்கவில்லை. ரஷ்யா, உக்ரைன், தென் ஆப்பிரிக்கா முதலிய நாடுகளிலிருந்து ஏஜென்ஸிகள் மூலம் தருவிக்கப்படும் பெண்களே ஐ.பி.எல். மேடைகளில் பெரும்பாலும் நிற்பதைப் பார்க்கும்போது, இங்கே விலைக்கு வாங்கப்படுவது நடனமா, வெளுத்த மேனியா என்ற சந்தேகம் எழாமல் போகாது. 2011-இல் புனே அணி இந்திய உடையில் நம் நாட்டு நடனங்களை ஆடும் பெண்களை நிறுத்திப் பார்த்தது. அது ஒழுக்கவாதிகளுக்குப் பதில் சொல்வதற்காகச் செய்யப்பட்டதாயினும், மற்ற சந்தேகத்துக்கும் ஒருவாறு பதிலாக அமைந்தது. எனினும் அந்த மாதிரியை மற்ற அணிகள் பின்பற்றவில்லை.

இனி, இந்த விவகாரத்தின் மையமாக நான் கருதுகிற கூலி விஷயத்துக்கு வருகிறேன். 2014 ஜனவரியில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் சியர்லீடர் ஒருவர் கலிபோர்னிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். ஓர் ஆட்டத்துக்கு 125 டாலர் வீதம் பருவம் முழுவதற்கும் 1,250 டாலர். அதுவும் மாதந்தோறும் அல்லாமல் பருவம் முடிந்த பிறகே கைக்கு வரும். வாரந்தோறும் நடக்கும் ஒத்திகைக்கும், தர்ம நிகழ்ச்சிகளுக்கும், நாட்காட்டிப் படப்பிடிப்புக்கும் தனிக்கூலி கிடையாது. சிகை அலங்காரச் செலவு அவர்களுடையது. ஒத்திகைக்குத் தாமதமாக வந்தாலோ, எடுத்துவர வேண்டிய பொருளை மறந்தாலோ அபராதம் உண்டு. கணக்குப் பார்த்தால் மணிக்கு 5 டாலரும் தேறவில்லை. அந்த மாகாணத்தின் குறைந்தபட்சக் கூலியோ அப்போது 8 டாலர். ஆண்டுக்கு 1,000 கோடி டாலருக்கு மேல் வருமானம் காணும் லீகில் நிலைமை இது! கோமாளி வேஷமாக மிருகத்தோல் போர்த்துக்கொண்டு களத்தைச் சுற்றிவரும் மனிதருக்குப் பல அணிகளில் வருஷச் சம்பளம் உண்டு. மத்தியத் தொழிலாளர் துறையினர் இதைப் பற்றி விசாரித்துவிட்டு, சந்தைகளையும் பருவகாலக் கேளிக்கைகளையும் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்து விலக்கிவைக்கும் விதி அணிக்குப் பொருந்தும் என்று சொல்லிக் கோப்பை மூடிவிட்டார்கள். ஊர்ச் சந்தையில் ராட்டினம் சுற்றுபவருக்காக இயற்றிய விதி இவ்வளவு பெரிய வியாபாரத்துக்கு நிழல் கொடுக்கும் என்பதை அதை இயற்றியவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். மாகாணச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்கு மட்டும் நின்று, முடிவில் அணி 12.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. சின்சினாட்டி அணி 2.55 லட்சமும், டாம்பா பே அணி 8.25 லட்சமும் கொடுத்துத் தங்கள் வழக்குகளை முடித்துக்கொண்டன.

பஃபலோ அணியின் கதை இவற்றிலும் விசித்திரமானது. அங்கே அந்தப் பெண்கள் அணியின் ஊழியர்களே அல்லர், ஒரு தனி நிறுவனத்தின் ஒப்பந்தக்காரர்கள் என்று சொல்லப்பட்டது. ஆட்டங்களில் ஆடியதற்குக் கூலியே இல்லை. ஆனால் அவர்களுக்கு அளிக்கப்பட்ட விதிப் புத்தகமோ, ரொட்டியை எப்படிப் பிட்டுத் தின்ன வேண்டும், சூப்பை எப்படிக் குடிக்க வேண்டும், உடம்பை எப்படிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதுவரை ஆணையிட்டது. சுதந்திரமான ஒப்பந்தக்காரருக்குச் சூப் குடிக்கக் கற்றுக்கொடுக்கும் முதலாளியை வேறெந்தத் தொழிலிலும் காண்பதற்கில்லை. 1995-இலேயே அவர்கள் தொழிற்சங்கம் அமைத்துப் பார்த்தார்கள். அது நெடுநாள் நிலைக்கவில்லை. 2014-இல் வழக்குத் தொடர்ந்ததும் குழுவே நிறுத்தப்பட்டது. வழக்கு முடிய 2022 ஆயிற்று. கூலி கொடுக்க வேண்டும் என்றால் கலைத்துவிடுவோம் என்பது, அந்தக் குழு ரசிகர்களுக்கு எவ்வளவு அவசியமாக இருந்தது என்பதைப் பற்றி நிர்வாகத்தாரே கொடுத்த சாட்சியமாகும்.

அப்போது கலிபோர்னியச் சட்டசபை உறுப்பினராக இருந்த லொரேனா கொன்சாலெஸ், தாமே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சியர்லீடராக இருந்தவர். தொழில்முறை அணிகளின் சியர்லீடர்கள் யாவரும் அந்த அணிகளின் ஊழியர்களே என்று விதிக்கும் மசோதாவை அவர் கொண்டுவந்தார்; 2015 ஜூலையில் கவர்னர் ஜெர்ரி பிரவுன் கையொப்பமிட, 2016 ஜனவரி முதல் அது அமலுக்கு வந்தது. ஆனால் கூலிக்கு அப்பாற்பட்ட பாரபட்சங்களும் இருந்தன. 2018-இல் நியூ ஆர்லியன்ஸ் அணியிலிருந்து நீக்கப்பட்ட பெண்ணொருவர் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் அளித்த புகாரிலிருந்து உலகம் தெரிந்துகொண்டது இது: சியர்லீடர் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அணியின் வீரர் உள்ளே வந்தால், எழுந்து வெளியேறவேண்டியவர் சியர்லீடரே. வீரர்களுக்கு அவ்விதக் கட்டுப்பாடு ஏதும் இல்லை. வீரர்களிடமிருந்து பெண்களைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு என்று அதற்குச் சமாதானம் சொல்லப்பட்டது.

வேறு வழி இருக்கிறதா என்று தேடுவோர் கிழக்கே திரும்பிப் பார்ப்பது பயன் தரும். 1982-இல் தோன்றிய தென் கொரியத் தொழில்முறை பேஸ்பால் லீகில், ரசிகர் வரிசைகளுக்கு முன்னாலேயே மேடை அமைத்து, பெரும்பாலும் ஆணாகிய கோஷத் தலைவர் ஒருவர் விசிலும் ஒலிபெருக்கியுமாக நடுவே நிற்க, அவருக்கு இருபுறமும் நடனப் பெண்கள் நின்று அபிநயம் காட்டுகிறார்கள். மட்டை பிடிக்க வரும் ஒவ்வொரு வீரருக்கும் தனிப்பாட்டு உண்டு. அதை அரங்கத்தின் ஒரு பாதி முழுவதும் அபிநயத்தோடு பாடுகிறது. மட்டை கைமாறியதும் மறுபாதி பாடத் தொடங்குகிறது. பத்து ஓட்டம் பின்தங்கியிருந்தாலும் பாட்டு நிற்பதில்லை. காம்ப்பெல் செய்ததை இவர்கள்தான் இன்றும் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜப்பானிலோ, ரசிகர்களே சங்கம் அமைத்து, ஊதியமின்றி, எக்காளமும் பேரிகையுமாக அந்தக் காரியத்தை நடத்திக்கொள்கிறார்கள். அணி அவர்களுக்குத் தலைவரை நியமிக்கவேண்டிய தேவையே இல்லை. இருந்தாலும் கொரிய மாதிரியையும் பழுதற்றது என்று சொல்வதற்கில்லை. 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில், கொள்ளைநோயின் காரணமாக அரங்கங்கள் காலியாக இருந்தபோதும் அந்தப் பெண்கள் வெற்று இருக்கைகளுக்கு முன்னே ஆடினார்கள். தைவானில் ஓர் அணி தன் அரங்கின் காலி இருக்கைகளில் பொம்மைகளையும் இயந்திர மனிதர்களையும் உட்கார வைத்தது. அங்கேயும் காமிராவின் ஆட்சி புகுந்துவிட்டது என்பதற்கு இது அடையாளம். தைவானில் இப்போது சில சியர்லீடர்கள் வீரர்களைவிடப் பிரசித்தி பெற்று, அவர்களைப் பார்ப்பதற்கென்றே ரசிகர்கள் சீட்டு வாங்குகிறார்கள்.

மேற்கே சில ஆண்டுகளாக நிகழ்ந்துவரும் மாறுதல்கள் வேறு வகையானவை. கார்ப் பந்தயமான ஃபார்முலா ஒன் 2018-இல் பந்தய வீரருக்குப் பக்கத்தில் பலகை பிடித்து நிற்கும் பெண்களை விலக்கியது. அவர்கள் நிற்பதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லையாகையால் அந்த முடிவில் சர்ச்சைக்கு அதிக இடமில்லை. அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் நடனக் குழுவில் ஆண்கள் இருவர் சேர்க்கப்பட்டு, 2019-இல் சூப்பர் பௌல் களத்திலும் ஆடினார்கள். வாஷிங்டன் அணி, பல அவமானகரமான செய்திகள் வெளிவந்த பிறகு, 2021-இல் பழைய குழுவைக் கலைத்து ஆணும் பெண்ணும் கலந்த குழுவை அமைத்தது. ஆண்கள் வந்து சேர்ந்தால் ஆபாசம் என்ற ஆட்சேபம் குறையலாம். கூலியும் சற்று உயரக்கூடும், ஏனெனில் ஆண்களுக்குக் குறைந்த கூலி கொடுப்பதை உலகம் சீக்கிரம் கவனித்துவிடுகிறது.

ஆகவே என் முடிவு இது. அணிகளுக்குச் சியர்லீடர்கள் அவசியமில்லை; வைத்துக்கொள்வதில் தோஷமும் இல்லை; ஆனால் வைத்துக்கொள்கிற அணி அவர்களை ஊழியர்களாக ஒப்புக்கொண்டு, ஒத்திகைக்கும் உடைக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்துக் கூலி கொடுக்க மனமில்லாதிருந்தால், அவர்கள் இல்லாமலே ஆடிக்கொள்வதுதான் யோக்கியம். சென்னையைப் பொறுத்தவரையில், சேப்பாக்கத்து ரசிகர்களுக்கு விசிலடிக்க ஒருவர் முன்னே நின்று அடியெடுத்துக் கொடுக்கவேண்டிய அவசியம் என்றும் இருந்ததில்லை. ஐ.பி.எல். முதல் பருவத்தில் டிரம்ஸ் கலைஞர் சிவமணியின் முழக்கு அந்தக் காரியத்தைச் செய்த அளவுக்கு வேறெந்த நடனமும் செய்யவில்லை என்பேன்.

2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த படுகொலைக்கு மறுநாள் ஹைதராபாத்தில் நடந்த ஆட்டத்தில் துக்கம் அனுஷ்டிக்கும் முறையில் வீரர்கள் கறுப்புப் பட்டை அணிந்தார்கள். வாணவேடிக்கையும் சியர்லீடர்களும் நிறுத்தப்பட்டனர். அது தக்க மரியாதையே. எனினும் நிர்வாகத்தாரின் மனத்தில் அந்தப் பெண்கள் வாணங்களோடு ஒரே வரிசையில் எண்ணப்பட்டவர்கள் என்பது அன்று வெளிப்பட்டது. வாணத்தைக் கொளுத்தாமல் வைத்தால் அடுத்த ஆட்டத்துக்கு ஆகும். ஆடாமல் போன மாலைக்கு அவர்களுக்குக் கூலி உண்டா என்று எந்தப் பத்திரிகையும் கேட்டதாக நினைவில்லை.

அதே ஆண்டின் ஜூன் மாதத்தில், டல்லஸ் குழுவினரைப் பற்றிய நெட்ஃப்ளிக்ஸ் ஆவணத்தொடரின் இரண்டாம் பாகம் வாயிலாக, அவர்களுடைய ஊதியம் ஏறக்குறைய 400 சதவிகிதம் உயர்த்தப்பட்டது தெரியவந்தது. அனுபவம் மிக்க பெண்கள் சிலர் தங்களுக்குள் கூடிப் பேசி, வேலையை நிறுத்திவிட்டு வெளியேறுவதைப் பற்றிக்கூட ஆலோசித்த பின்னரே அது நிகழ்ந்தது. தங்களை அலங்காரப் பொருளாக்கிய காமிராவையே அவர்கள் இம்முறை சாட்சியாக நிறுத்திக்கொண்டார்கள் எனலாம். ஆனால் டல்லஸுக்குக் கிடைத்தது டல்லஸோடு நிற்கிறது. களத்தில் விளையாடும் வீரர்களுக்கு 1956 முதல் சங்கம் இருந்து, லீக் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தமாகப் பேரம் பேசித் தருகிறது. களத்தின் ஓரத்தில் ஆடுவோரோ ஒவ்வோர் அணியிலும் தனித்தனியே, பெரும்பாலும் ஓராண்டுக்கு ஒருமுறை மறுபடியும் தேர்வுக்கு நின்று, தங்கள் இடத்துக்காகத் தாங்களே ஒருவரோடொருவர் போட்டியிட வேண்டியவர்களாக இருக்கிறார்கள்.